பெயர் கேட்காத விடுதி

(வடக்குப்பட்டில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் விசித்திரமானது. மாய உலகத்தில் ஒரு சொகுசு விடுதி. கூட்டத்தை ஏற்பாடு செய்த இளைஞர்கள் மாயாஜாலக் கதைகள் நிறையப் படிக்கிறவர்கள். அந்தக் கதைகளில் தவறாமல் ஒரு விடுதி வருமாம். மலைப்பாதை ஓரத்திலோ துறைமுகத்துச் சந்திலோ இருக்கும். உள்ளே பட்டு மெத்தை, வெந்நீர்த் தொட்டி, ஆறவே ஆறாத விருந்து. அரசனும் வந்து தங்குவான், திருடனும் வந்து தங்குவான். யார் வந்தார், யாரோடு வந்தார் என்று விடுதிக்காரர் யாரிடமும் மூச்சு விடமாட்டார். "நம்மிடம் இப்படி ஒன்று உண்டா ஐயா?" என்று கேட்டார்கள். இரண்டு உண்டு. இரண்டும் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் இருக்கின்றன. அதில் ஒன்று நம் காஞ்சிபுரம் வரைக்கும் வருகிறது.

அதற்கு முன் இந்த மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே கூடியிருக்கும் பலருக்குத் தெரியும்; 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இந்த ஊர் மேட்டைத் தோண்டியது. பல ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கற்கருவிகள் கிடைத்தன. செங்கல் கட்டுமானம், மணிகள், சிறிய பொன்னணிகள், அவற்றோடு ரோமானிய மதுச்சாடியின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பார்கள், இரண்டு காது வைத்த சாடி. மத்தியதரைக் கடல் ஓரத்தில் வனைந்த சாடி, கப்பலேறி, கரையிறங்கி, உள்நாட்டுக்குள் வந்து இந்த மேட்டில் உடைந்திருக்கிறது. சுமந்து வந்தவன் யவனனா, நம் வணிகனா, அதற்குள் இருந்ததை யார் குடித்தார், இரவு எங்கே படுத்தார் என்பதை ஓடு சொல்லாது. ஆனால் தொலைதூரத்துச் சரக்கும் அதைச் சுமந்து வரும் ஆளும் இந்த ஊருக்குப் புதிதில்லை. பக்கத்து ஒரகடத்துத் தொழிற்பேட்டையில் கொரியப் பெயர்ப்பலகையைப் பார்த்து நாம் ஆச்சரியப்படத் தேவையே இல்லை.

இப்போது முதல் விடுதி. புகார் நகரத்தில் உவவனம் என்ற பூஞ்சோலை. அதற்குள் பளிக்கறை என்று ஒரு மண்டபம், முழுக்கப் பளிங்கால் ஆனது. உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். குரல் வெளியே வராது. கண்ணாடிச் சுவருக்குள் ஓசை அடைக்கும் நுட்பத்துக்கு இன்றைய கட்டடக்காரர்கள் சதுர அடிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சாத்தனார் அதைக் காசில்லாமல் கட்டி வைத்திருக்கிறார்.

மணிமேகலை பூப் பறிக்க அங்கே வருகிறாள். கூடவே தோழி சுதமதி. மணிமேகலை ஆடல் மகளிர் குலத்தில் பிறந்தவள். ஊர் அவளை ஒரு விதமாகத்தான் பார்க்கிறது. சோழ இளவரசன் உதயகுமரன் அவள் அங்கே இருப்பது தெரிந்து தேரை ஓட்டிக்கொண்டு வருகிறான். தேரின் மணியோசை கேட்டதும் சுதமதி அவளைப் பளிக்கறைக்குள் அனுப்பி உள்ளே தாழிட்டுக்கொள்ளச் சொல்கிறாள். இளவரசன் வருகிறான். உருவம் தெரிகிறது. வழி தெரியவில்லை. நாட்டை ஆளப்போகிறவன், சுவரைக் கையால் தடவித் தடவி வாசலைத் தேடுகிறான். கிடைக்கவில்லை, திரும்பிப் போகிறான்.

தமிழில் எழுதப்பட்ட அந்தரங்கக் காட்சிகளில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை. அந்தப் பளிங்குச் சுவர் யாரை யாரிடமிருந்து மறைக்கிறது என்று பாருங்கள். அதிகாரம் உள்ளவன் வெளியே நிற்கிறான். அதிகாரம் இல்லாதவள் உள்ளே பத்திரமாக இருக்கிறாள். மாயக்கதை விடுதிக்காரர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு மதிப்பு எங்கே வருகிறது என்றால், இங்கேதான் வருகிறது. துரத்தப்படுகிறவருக்காக அவர் வாயை மூடினால் அது அறம். துரத்துகிறவருக்காக மூடினால் அது வெறும் வியாபாரம்.

வியாபாரத்துக்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் கூவத்தூரில் கடலோரச் சொகுசு விடுதி ஒன்றில் சட்டமன்ற உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நாள்கணக்கில் தங்கியிருந்தது நினைவிருக்கும். அன்றைக்கு அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். கடல் காற்று, நல்ல சாப்பாடு, வாசலில் காவல், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாயக்கதை இலக்கணம் அத்தனையும் பொருந்தியிருந்தது. (சிரிப்பு) அங்கே ரகசியம் யாருக்காகக் காக்கப்பட்டது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது விடுதிக்கு வருகிறேன். எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான். அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

சாலி என்பவள் வாரணாசிப் பார்ப்பனன் ஒருவனின் மனைவி. ஒழுக்கம் தவறினாள் என்று ஊருக்குப் பயந்து தெற்கே வருகிறாள். வழியில் பிள்ளை பிறக்கிறது. ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். பசு ஒன்று வந்து ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. அந்த வழியாக வந்த இளம்பூதி என்ற அந்தணன் எடுத்துப்போய்த் தன் மகனாக வளர்க்கிறான். அதுதான் ஆபுத்திரன். வேதம் எல்லாம் படித்து வளர்கிறான். ஒருநாள் வேள்விக்குக் கட்டிவைத்திருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபடுகிறான். அடிக்கிறார்கள். பேச்சு வளர்கிறது. அப்போது கூட்டத்தில் ஒருவன் சொல்கிறான்: இவன் யார் தெரியுமா, இவன் பிறந்த கதை எனக்குத் தெரியும்.

அவ்வளவுதான். அதுவரை அவன் செய்த காரியத்தைப் பற்றி விவாதித்த ஊர், அதற்கப்புறம் அவன் பிறப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. வளர்த்த தகப்பனே வீட்டை விட்டுத் துரத்துகிறான். பிச்சைக்குப் போன ஊர்களில் ஓட்டில் கல்லைப் போடுகிறார்கள்.

அவன் மதுரைக்கு வருகிறான். கலைமகள் கோயில் முன்புற அம்பலத்தில் தங்குகிறான். வீடு வீடாக இரந்து சோறு கொண்டுவருகிறான். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், கவனிக்க ஆளில்லாதவர் என்று எல்லோரையும் கூப்பிட்டு முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் தின்றுவிட்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஒரு மழைக்கால நள்ளிரவு. வழிநடை வந்தவர்கள் சிலர் பசியோடு அம்பலத்துக்குள் வந்து அவனை எழுப்புகிறார்கள். அவனிடம் ஒரு பருக்கை இல்லை. செய்வதறியாமல் நிற்கிறான். அந்த நேரத்தில்தான் அந்தக் கோயிலின் தெய்வமான சிந்தாதேவி தோன்றி, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தை அவன் கையில் தருகிறாள்.

தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய மாயப்பொருள் அரண்மனையிலோ போர்க்களத்திலோ கிடைக்கவில்லை. ராத்திரி வந்து கதவைத் தட்டிய வழிப்போக்கருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் தவித்த ஒரு விடுதிக்காரனிடம் கிடைத்தது. அந்த விடுதிக்காரன் யார்? பிறப்பைத் தோண்டிக் கேட்டு ஊரே விரட்டிய ஒருவன். அவன் திறந்த வாசலில் வந்தவரின் பிறப்பை அவன் கேட்டதாகக் காப்பியத்தில் ஓரிடத்திலும் இல்லை.

பிறகு நடப்பதுதான் வேடிக்கை. அவன் அறத்துக்குப் பயன் தருகிறேன் என்று வந்த இந்திரனை அவன் சிரித்து ஒதுக்கிவிட, இந்திரனுக்குக் கோபம். பாண்டி நாட்டில் மழையைக் கொட்டுகிறான். நாடு செழிக்கிறது, பசி என்று வருவார் யாருமில்லை. அம்பலத்தில் சாப்பாட்டுச் சத்தம் ஓய்ந்து, வெட்டிப்பேச்சுக்காரர்களும் சூதாடிகளும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பசிக்குப் பஞ்சம் வந்து ஒரு சத்திரம் கேளிக்கை விடுதியாக மாறிவிட்டதை இவ்வளவு துல்லியமாக எழுதியவர் எந்த நாட்டு ஓட்டல் வரலாற்றையும் படித்தவரில்லை. ஆபுத்திரன் சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் தனியாக விடப்படுகிறான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான்.

அந்தப் பாத்திரம் மணிமேகலை கைக்கு வருகிறது. ஆதிரை என்ற இல்லத்தரசி அதில் முதல் பிச்சை இடுகிறாள். தீராப்பசி பிடித்த காயசண்டிகையின் பசி தீர்கிறது. புகாரில் உலகவறவி என்ற பொது அம்பலத்தில் எல்லோருக்கும் உணவு. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் சொல்லி அரசனிடம் கேட்டு வாங்குகிறாள். பின்னால் காஞ்சியில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது இங்கே வருகிறாள். காஞ்சியை ஆண்ட இளங்கிள்ளி வரவேற்கிறான். சோலையும் பொய்கையும் அமைத்து, நடுவில் பாத்திரத்தை வைத்து, வந்தவருக்கெல்லாம் சோறு. பல மொழி பேசுகிறவர்கள் வருகிறார்கள், உடல் ஊனமுற்றவர்கள் வருகிறார்கள், ஆதரவற்றவர்கள் வருகிறார்கள். இன்றைக்கு ஒரகடம் கூட்டுச்சாலையில் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கேட்கிறதே, அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காப்பியத்தின் இந்தப் பகுதிதான் ஞாபகம் வரும்.

காப்பியத்தில் சரி, நடைமுறையில் எப்படி என்று கேட்பீர்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை அனுப்பும் பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளில் இந்தப் பகுதியின் சாப்பாட்டு வரைபடத்தையே தந்துவிடுகிறது. வேட்டுவர் குடியிருப்பில் ஒரு சோறு, ஆயரிடம் பாலும் தினையும், உழவரிடம் வெண்ணெல் சோறு, வலைஞரிடம் மீன், அந்தணர் வீட்டில் மாவடு ஊறுகாயோடு ஒரு சாப்பாடு. கடைசியில் மன்னனிடம் பொன் வெள்ளிக் கலங்களில் விருந்து. எந்த வீட்டுக்குப் போனாலும் பாணனுக்கு இலை உண்டு என்று புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உறுதி சொல்கிறார். இந்தக் கடைசிச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்திரங்களின் காலத்துக்கு வருவோம். நமக்குப் பக்கத்தில் சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரத்தை ஒட்டி பாலுச்செட்டிசத்திரம். பஸ் நிறுத்தம் என்ற அளவில்தான் நமக்கு அந்தப் பெயர்கள். அந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய அளவில் நடந்தது என்று அறிய தஞ்சாவூர் போக வேண்டும். 1801இல் மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று கும்பினியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். பார்ப்பனர் முதல் தாழ்த்தப்பட்டவர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் பலசரக்கும். வைத்தியர் உண்டு, பாம்புக்கடிக்கும் மருந்து உண்டு. கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு. சத்திரத்திலேயே பிரசவமானால் செலவு சத்திரத்தினுடையது, மூன்று மாதம் அங்கேயே தங்கலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சோறு, துணிமணி, படிப்பு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். வந்த இடத்தில் செத்துப்போனால் அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச் சொல்லி அழைப்பார்கள்.

எனக்கு இந்தக் கடைசி மணிதான் பெரிய சொகுசாகப் படுகிறது. பட்டு மெத்தையைக் காசு கொடுத்தால் எங்கும் வாங்கலாம். சாப்பிடாமல் ஒரு ஆள் இருட்டில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று நினைத்து மணி அடிக்க ஒருவரை நியமித்திருக்கிறார்கள் பாருங்கள், அதை எந்த நட்சத்திர விடுதியிலும் நான் பார்த்ததில்லை. 1802இல் சரபோஜி தம் அன்புக்குரிய முத்தம்பாள் பெயரில் ஒரத்தநாட்டில் கட்டிய சத்திரம் இன்றும் நிற்கிறது. போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் எல்லாச் சத்திரத்திலும் இப்படி மணி அடித்தார்கள் என்று நான் சொன்னால் பொய்யாகிவிடும். 1904இல் ஈரோட்டிலிருந்து ஓர் இளைஞர் தகப்பனாரோடு மனத்தாங்கல் கொண்டு காசிக்குப் போகிறார். பசி. சத்திரத்தில் விருந்து நடக்கிறது. பார்ப்பனர்களுக்கு மட்டும் என்கிறார்கள். பூணூலை மாட்டிக்கொண்டு நுழையப் பார்க்கிறார். மீசை காட்டிக் கொடுத்துவிடுகிறது. காவலாளி வெளியே தள்ளுகிறான். தெருவில் வீசிய எச்சில் இலைகளில் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்தச் சத்திரத்தைக் கட்டியது தமிழ்நாட்டைச் சேர்ந்த பார்ப்பனரல்லாத செல்வர் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. அந்த இளைஞர்தான் பெரியார். அரை நூற்றாண்டு கழித்து, 1957இல், திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். பெரும்பாணாற்றுப்படையில் பாணனுக்குக் கிடைத்த இலையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்காகத்தான். அந்த வாசல் எப்போதும் மூடியே இருந்ததில்லை. யாரோ பிற்பாடு மூடினார்கள்; மூடியதைத் திறக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

இனி நம் தெருவுக்கு வருகிறேன்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிப்பு தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் இன்னொரு கார் ஆலை திறந்தார்கள். கொரியரும் ஜப்பானியரும் வந்தார்கள். அவர்களுக்காக விடுதிகள் வந்தன. சில விடுதிகளில் காலையில் அவர்கள் ஊர்ச் சோறும் மீனும் சூப்பும், மாலையில் அவர்கள் பழகிய வெந்நீர்க் குளியல். வரவேற்பில் இருப்பவர் குரலை உயர்த்துவதில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், கொடுக்கிறார்கள். அதற்கு மேல் கேள்வி கிடையாது. அவர் எந்தத் தெருவில் பிறந்தார், என்ன சாப்பிடுவார், கல்யாணம் ஆனவரா என்று யாரும் கேட்பதில்லை. நல்ல ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே சாலையில், வல்லம் வடகாலில், 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு விடுதியைத் திறந்து வைத்தார். சிப்காட் கட்டியது, செலவு 706.50 கோடி ரூபாய். அறைக்கு 6 பேர் வீதம் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். இதையும் நான் பாராட்டித்தான் பேசுவேன். ஏனென்றால் அதற்கு முந்திய நிலைமை தெரியும். 2021 டிசம்பரில் கைபேசி ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் விடுதி என்பதைப் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கினோம்.

கட்டில் வந்துவிட்டது, மின்விசிறி வந்துவிட்டது. கேள்விகள் குறைந்தனவா? 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், இந்தப் பகுதிக் கைபேசி ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று விரிவாக எழுதியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வாசலிலேயே "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று ஒரு கேள்வி. கழுத்தில் தாலி இருக்கிறதா, காலில் மெட்டி இருக்கிறதா என்று ஒரு பார்வை. பளிக்கறை ஞாபகம் வருகிறதா? அங்கே பெண்ணின் குரல் வெளியே வராதபடி சுவர் காத்தது. இங்கே அவள் சொல்ல விரும்பாததையும் சொன்னால்தான் சுவருக்குள்ளேயே விடுவார்கள்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்காக 18,720 படுக்கை யாரும் போடவில்லை. தகரக் கொட்டகையிலும், பழைய வீட்டுக்குப் பின்னால் எழுப்பிய ஒற்றை அறையிலும் எட்டுப் பேர், பத்துப் பேர். ஷிஃப்ட் மாறி மாறித் தூங்குகிறார்கள். ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர். நம் ஊர்ப் பிள்ளைகளே திண்டிவனத்திலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் வந்து இங்கே அறை தேடும்போது என்ன நடக்கிறது என்பது ஷிஃப்ட் முடிந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நன்றாகத் தெரியும். "எந்த ஊருப்பா?" என்று ஆரம்பிக்கும். "அந்த ஊருல எந்தத் தெரு?" என்று அடுத்தது. "ஊரா, காலனியா?" என்று அதற்கடுத்தது. கடைசியில் "அப்புறம் சொல்றேம்பா, இன்னொருத்தர் கேட்டிருக்காரு" என்று முடியும். அந்த இன்னொருத்தர் கடைசி வரை வரமாட்டார். வீடு இரண்டு மாதம் பூட்டியே கிடக்கும்.

மாயக்கதை எழுத விரும்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விடுதியில் எத்தனை தங்க விளக்கு வேண்டுமானாலும் தொங்கவிடுங்கள். ஆனால் வாசலில் நிற்கும் விடுதிக்காரர் யாரைப் பார்த்து என்ன கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆபுத்திரனை விடுதிக்காரனாக வைத்து எழுதுங்கள். அவனைவிட நல்ல பாத்திரம் உங்களுக்குக் கிடைக்காது.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் மாடியையும் பின்கட்டையும் வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். அது உங்கள் சொத்து. எச்சரிக்கையாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆதார் நகலை வாங்குங்கள். எந்தக் கம்பெனி என்று கேளுங்கள், ஐ.டி. கார்டைப் பாருங்கள். எத்தனை பேர் தங்குவார்கள், அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர்க் காசு யார் கட்டுவது, எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் கேட்டால் விவரத்தைக் கொடுங்கள். அதற்கு மேல் "எந்தத் தெரு" என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். வருகிற திங்கட்கிழமை புது ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிறார்களாம். பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவார்கள். சாவியைக் கொடுங்கள்.